1,20,000 என்ற கோடு

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு யாருக்கு என்று கேட்டால், 'ஏழைகளுக்கு' என்று நம் தோழர்கள் சட்டெனச் சொல்லிவிடுகிறார்கள். அரசின் கணக்கில் ஏழை யார்? குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2012-ல் திட்டம் தொடங்கியபோது இது 72,000.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 ரூபாய் கூலியில் மாதம் 20 நாள் வேலை கிடைத்தால் ஆண்டுக்குச் சரியாக 1,20,000. அந்த வீட்டுப் பெண் முந்திரி ஆலைக்குப் போனால் குடும்பம் கோட்டைத் தாண்டிவிடுகிறது. நாங்கள் போய்வரும் குடியிருப்புகளில் ஒருவர் மட்டும் வேலைக்குப் போகும் வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் சான்றிதழ் இல்லை. குறைத்து எழுதித் தரச்சொல்லி அலுவலர் முன்னால் நிற்க வேண்டும். உரிமை இப்படித்தான் தயவாகிறது. அந்தத் தயவு எந்தத் தெருவுக்குச் சீக்கிரம் வரும் என்பது நமக்குத் தெரியாததா?

2018 செப்டம்பரில் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் இதோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அதற்கு அடிப்படை வருமானச் சான்றிதழ் அல்ல, 2011 சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பு. கிராமங்களில் பட்டியல் சாதிக் குடும்பமாக இருப்பதே தகுதி அளவுகோல்களில் ஒன்று. நல்லதுதான். ஆனால் குமரி மாவட்டத்தில்? மயிலாடி வேதமாணிக்கம் என்ற சாம்பவர் வழியாகத்தான் இங்கே சீர்திருத்தக் கிறிஸ்தவம் வேர்விட்டது. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படியோ கிறிஸ்தவராகிவிட்டால் பட்டியல் சாதி இல்லை. ஒரே தெரு, ஒரே கூலி. அண்ணன் வீட்டுக்குப் பொருந்தும் அளவுகோல் சர்ச்சுக்குப் போகும் தம்பி வீட்டுக்குப் பொருந்தாது. ஞானஸ்நானம் எடுத்தால் சிறுநீரகம் பழுதாகாதா? தம்பிக்கு மிஞ்சுவது அந்த வருமானச் சான்றிதழ் வரிசைதான்.

இன்னொன்று. ரேஷன் அட்டையில் பெயர் இல்லாதவருக்குக் காப்பீடு இல்லை. கல்யாணமாகி வந்த மருமகள் பெயரைச் சேர்க்காமலே ஆண்டுகளை ஓட்டும் வீடுகள் ஏராளம். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியில் படுக்கையில் கிடத்திவிட்டு ஆதாருக்கும் சான்றிதழுக்கும் ஓடுவதைவிட, நோய் வருமுன்பே நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது மேல். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைக்கு இந்த அட்டை உதவாது, உள்நோயாளிக்குத்தான் என்பதையும் சொல்லிவையுங்கள்.

மாநிலத் திட்டத்தின் தகுதியை மாற்ற மாநில அரசுக்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை. தலித் குடும்பம் எந்த மதமானாலும் வருமானம் கேட்காமல் சேர்க்க வேண்டும் என்று அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் கேட்போம். உங்கள் ஊரில் யார் எழுந்து பேசுவது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்.