சத்துமாவு வீடு வரை வருகிறது, தொண்டைக்குள் இறங்குவது யார் பொறுப்பு?

இந்தியாவின் குழந்தை ஊட்டச்சத்துத் திட்டங்கள் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கின்றன: உணவு கைக்கு வந்துவிட்டால் குழந்தை உண்டுவிடும். 1975 இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் முதல் 2018 இன் போஷண் அபியான் வரை இவ்வனுமானம் பெரிதாகக் கேள்விக்கு உள்ளாகவில்லை. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் பலரிடம் அது பொய்த்துப்போகிறது. உதடு மூடுவதில்லை, நாக்கு உணவை உள்ளே தள்ளாமல் வெளியே தள்ளுகிறது, தலை நிலைகொள்வதில்லை. ஒரு வேளை உணவுக்கு முப்பது நிமிடங்களுக்கு மேல் ஆவதை மருத்துவர்கள் எச்சரிக்கைக் குறியாகக் கொள்வர். இக்குழந்தைகளின் வீடுகளில் அந்த அரைமணி எல்லை அன்றாடம், வேளைதோறும் கடக்கப்படுகிறது.

ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கிலோகலோரி, 12 முதல் 15 கிராம் புரதம். கடும் எடைக்குறைவு இருப்பின் 800 கிலோகலோரி, 20 முதல் 25 கிராம் புரதம் என்பதே 2023 இல் திருத்தப்படும் வரை அங்கன்வாடித் துணையுணவின் அளவுகோலாக இருந்தது. கேரளத்தில் துணையுணவு அமிர்தம் நியூட்ரிமிக்ஸ் ஆகவும், வட மாநிலங்கள் சிலவற்றில் பஞ்சீரியாகவும் வீடு சேர்கிறது. மெல்லத் தெரியாத வாய்க்கு உதிரியான பஞ்சீரி உணவன்று, ஆபத்து. மாவைக் கூழாகக் காய்ச்சினாலோ அதன் பதம் தாயின் கைக்கணக்கைப் பொறுத்தது.

தவறு நுழைவது இங்கேதான். நீர்க்கக் கரைத்தால் எளிதில் இறங்கும் என்பது நாடு முழுதும் நிலவும் நம்பிக்கை. தெற்கே கஞ்சித் தண்ணீர், வடக்கே பருப்புத் தண்ணீர். விழுங்கும் தசைகள் ஒத்திசையாத பல குழந்தைகளுக்கு நீர்மமே அதிக ஆபத்தானது. தொண்டை ஆயத்தமாகும் முன்பே அது மூச்சுக்குழலை எட்டிவிடுகிறது. புரையேறி இருமினால் தாய் உணர்வாள். இருமலே இல்லாமல் உணவு நுரையீரலுக்குள் போவதும் உண்டு. அப்போது மீண்டும் மீண்டும் வரும் சளியும் காய்ச்சலுமே அடையாளம். அவற்றுக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பை எடுத்துச் சொல்ல யாருமில்லை. தவிர, நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்புமே ஒழிய உடலை நிரப்பாது. அதே கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 45 கிலோகலோரி சேர்க்கும். செலவு மிகக் குறைவு. ஆனால் இந்தக் குழந்தைக்கு எந்தப் பதம், எவ்வளவு, எந்த இருக்கை நிலையில் என்பதை ஒருவர் அடுப்படியிலேயே பார்த்துச் சொல்லியாக வேண்டும்.

அளப்பதிலும் சிக்கல் உண்டு. முதுகு வளைந்து மூட்டு மடங்கிய குழந்தையை உயரமானியில் நிறுத்த இயலாது. முழங்கால் உயரத்திலிருந்து கணிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடத்தை மட்டும் வைத்துப் பார்ப்பவர் இக்குழந்தையை வெறும் பசிக்கொடுமையின் கணக்கில் சேர்ப்பார். கலிபோர்னியத் தரவுகளைக் கொண்டு 2011 இல் வெளியான தனி வரைபடங்களை மட்டும் நம்புபவர் 'இத்தகைய குழந்தை மெலிந்துதான் இருக்கும்' என்று விட்டுவிடக்கூடும். அவ்வரைபடங்கள் இக்குழந்தைகள் எவ்வாறு வளர்ந்தார்கள் என்றே காட்டுகின்றன, எவ்வாறு வளர வேண்டும் என்று அல்ல. இரண்டாம் பிழையே கொடியது; அது சிகிச்சையையே நிறுத்திவிடுகிறது.

2013 இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம், குறைபாடுகளைக் கண்டறிந்து மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறது. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறை 2023 இல் வெளியானது. கண்டறிதலும் பரிந்துரைத்தலும் ஒருவாறு உள்ளன. வீட்டுக்குத் திரும்பிய பின் என்ன என்பதில்தான் வெற்றிடம். மருத்துவமனை உணவியலாளர் அச்சிட்ட தாளொன்றைத் தருகிறார். அடுத்த முறை வர ஒரு நாள் கூலி போகும்.

அங்கன்வாடிப் பணியாளருக்கே பயிற்சி தந்தால் போதும் என்பது அடிக்கடி எழும் வாதம். முன்பருவக் கல்வி, எடை பார்த்தல், உணவு வழங்கல், கைப்பேசிப் பதிவு ஆகிய அனைத்தையும் மதிப்பூதியத்துக்குச் செய்பவர் அவர். ஐயத்தை அறிந்து தெரிவிக்க அவரால் முடியும். புரையேறும் அபாயத்தைக் கணிக்கும் பொறுப்பையும் அவர் தலையில் ஏற்றுவது நியாயமன்று. உணவியலாளரும் அதைத் தனியே தீர்மானிக்கக் கூடாது. பேச்சு மற்றும் விழுங்குதல் சிகிச்சையாளரோடு இணைந்தே செய்ய வேண்டும். ஆகவே தேவைப்படுவது, இடையீட்டு மையத்தில் பணியமர்ந்து, பயணப்படியோடு வீடுகளுக்குச் செல்லும் சமூக உணவியலாளர். மூக்குக்குழாயோடு வீடு திரும்பும் குழந்தைக்கு இவர் இன்னும் இன்றியமையாதவர்.

ஆள் இல்லை என்று சொல்ல இயலாது. மனையியல், உணவியல் துறைகள் ஆண்டுதோறும் பட்டதாரிகளை அனுப்புகின்றன. 2021 ஆம் ஆண்டின் துணைநிலை மற்றும் சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டம் உணவியலாளரைச் சுகாதார வல்லுநராக ஏற்றுள்ளது. அத்துறைகளின் பாடத்திட்டத்தில் விழுங்குதல் கோளாறுக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது என்பதைப் பேராசிரியர்களே சொல்லட்டும். விழிப்புணர்வு வினாநிரல்களிலேயே முடிந்துபோகும் ஆய்வேடுகளில் சிலவேனும் இந்த அடுப்படிகளுக்குப் போகலாம். உயரமும் எடையும் பதிவாகும் போஷண் டிராக்கர் செயலியில் 'ஒரு வேளை உணவுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது? உண்ணும்போது இருமுகிறதா?' என்னும் இரு கேள்விகள் இடம்பெற்றால், எந்த மாவட்டத்துக்கு எத்தனை பணியிடங்கள் வேண்டும் என்பதற்கான முதல் கணக்கு ஓராண்டிலேயே கிடைத்துவிடும்.