கூட்டிப்போகிறவர்

“மே மாதம் இவளை அந்தமானுக்குக் கூட்டிப்போகிறேன்” என்கிறார் கணவர். எழுவாய் அவர், செயப்படுபொருள் அவள். இலக்கணம் நடத்துகிறவள் சொல்கிறேன்: வாக்கியம் சரி, செய்தி பொய்.

மே மூன்றாம் வாரத்தில் அங்கே பருவமழை இறங்கிவிடும் என்று விசாரித்து, ஏழு நாள் பயணத்தை முதல் வாரத்துக்கு நகர்த்தியவள் அவள். ஹேவ்லாக்கில் மூன்று இரவு, நீல் தீவில் இரண்டு என்று பிரித்தவள். கடல் கொந்தளித்துப் படகு நின்றால் விமானம் போய்விடுமே என்று கடைசி இரவைப் போர்ட் பிளேரில் வைத்தவள் (2024இல் அதை ஸ்ரீ விஜயபுரம் ஆக்கிவிட்டார்கள், டிக்கெட் தேடுகிறவளுக்கு அந்தக் குழப்பமும் சேர்த்தி). மாமியாரின் மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து வைத்ததும் அவள்தான். 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டுவேலை செய்கிற இந்தியப் பெண்ணுக்கு நாளுக்கு 299 நிமிடம் அதில் போகிறது. செய்கிற ஆணுக்கு 97.

இதையெல்லாம்கூட விடுங்கள். அந்த வாரம் மாதவிடாய் வந்துவிடக் கூடாதாம். அதற்கு நோரெத்திஸ்டிரோன் மாத்திரை. மூன்று நாள் முன்பே தொடங்கி, வேளை தவறாமல் விழுங்க வேண்டும். ரத்தக்கட்டுச் சிக்கல் உள்ளவர்களுக்கு ஆகாது. மருத்துவரைக் கேட்காமலே மருந்துக்கடையில் வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறோம். பயணத்தைத் தள்ளிவைக்கலாமே என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றுவதில்லை. அவளுடைய உடம்பைத் தள்ளிவைக்கிறார்கள்.

செலவு அவருடையது என்பார்கள். வேலைக்குப் போகிற பெண்ணின் சம்பளம் எந்தக் கணக்கில் விழுகிறது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

மாணவிகளே, நாளை உங்களையும் ஒருவர் கூட்டிப்போவதாகச் சொல்வார். படகு நேரத்தை அவர் பார்க்கட்டும். உங்களுக்குத் தேதி ஒத்துவராவிட்டால் விமானத்தை மாற்றச் சொல்லுங்கள்.