பழப்பாகும் பதமும்

ஐஸ்கிரீமின்மேல் ஊற்றிக்கொள்ளும் சூடான பழப்பாகை வீட்டிலேயே செய்துகொள்ளச் சொல்லித்தரும் சமையல் குறிப்புகள் தமிழில் இப்போது ஏராளம். அவற்றுள் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. பழத்துண்டு 2 கப், சர்க்கரை 1 கப், மிதமான தீயில் 10 நிமிடம், இறக்கி ஊற்றிப் பரிமாறவும். அப்படியே செய்து பார்ப்பவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஐஸ்கிரீமைக் கரைத்துக் குட்டையாக்கும் பழக்கஞ்சி. அல்லது அதன்மேல் விழுந்த கணத்தில் இறுகிப் பல்லில் ஒட்டிக்கொள்ளும் மிட்டாய். குறை செய்தவரிடம் இல்லை, குறிப்பில் இருக்கிறது. கப்பையும் நிமிடத்தையும் சொன்ன குறிப்பு பதத்தைச் சொல்லவில்லை.

(ஐஸ்கிரீமைப் பனிக்கூழ் என்று எழுதியிருக்கலாமே என்று நண்பர்கள் கேட்கக்கூடும். எழுதலாம். ஆனால் பனிக்கூழ் வேண்டும் என்று கேட்டு அழும் குழந்தையை நான் இன்னும் பார்க்கவில்லை.)

பதம் என்ற சொல்லோடு எனக்குத் தொழில்வழி உறவு உண்டு. நன்னூலில் பதவியல் என்று ஓர் இயலே இருக்கிறது. பகுபதம், பகாப்பதம் என்று ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். அங்கே பதம் என்றால் சொல். அடுக்களையில் பதம் என்றால், ஒரு பண்டம் தான் ஆக வேண்டியதாக ஆகி நிற்கும் நிலை. இரண்டும் ஒரே சொல்லா, ஒலியால் மட்டும் ஒன்றுபட்டவையா என்பதை அகராதிக்காரர்களிடம் விட்டுவிடலாம். எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த இரண்டாம் பொருள் நம் எழுத்திலிருந்து மெல்ல நழுவிக்கொண்டிருக்கிறது என்பதுதான்.

சர்க்கரைப் பாகுக்கு மட்டும் தமிழில் எத்தனை பதங்கள் என்று எண்ணிப் பாருங்கள். விரலில் தொட்டால் ஒட்டும், இழுத்தால் நூலாகாது. அது பிசுக்குப் பதம். இரு விரலிடையே ஒரு நூல் எழும்பினால் கம்பிப் பதம். தண்ணீரில் ஒரு துளி விட்டால் கரையாமல் திரண்டு, தொட்டால் தக்காளிபோல் மெத்தென்று இருந்தால் தக்காளிப் பதம். அதிரசத்துக்கு உரியது அதுதான். கையில் உருட்ட வந்தால் உருட்டுப் பதம். உருட்டியதைத் தட்டில் போட்டால் ‘டங்’கென்று ஓசை கேட்க வேண்டும் என்பது கடலை உருண்டைக்காரர் கணக்கு. கண், விரல், காது மூன்றும் இதில் வேலை செய்கின்றன. ஒன்றுகூடக் கடிகாரத்தால் அளந்தது அல்ல, அளக்கவும் முடியாது. என் வீட்டு அடுப்பின் மிதமான தீ உங்கள் வீட்டில் வேறு. அகன்ற வாணலியில் 6 நிமிடத்தில் வற்றும் சாறு, குறுகிய பாத்திரத்தில் 15 நிமிடம் கேட்கும். மழைக்காலத்து அன்னாசியின் நீர் கோடைக்காலத்து அன்னாசியில் இல்லை.

இதைச் சொன்னதும், ஆமாம், அந்தக் காலத்துப் பாட்டிமாரின் கைமணம் என்று உருகத் தொடங்குவோர் உண்டு. அவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. பதம் கைராசியும் அல்ல, ரகசியமும் அல்ல. தண்ணீரில் ஒரு துளி விட்டுப் பார்ப்பது ஒரு சோதனை. யார் செய்தாலும் அதே விடை வரும். ஒருவர் மற்றொருவருக்குச் சொல்லிக்கொடுக்க முடியும். அதனால்தான் அதற்குச் சொல் உண்டாயிற்று. வெப்பமானி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பது இன்னொரு கட்சி. வெறும் சர்க்கரைப் பாகுக்கு வெப்பமானி நல்ல துணைதான். நீர் வற்ற வற்றப் பாகு கொதிக்கும் வெப்பநிலை ஏறும். 112 முதல் 116 டிகிரி செல்சியஸ் வரை வந்தால் தண்ணீரில் மெதுவாகத் திரளும் பதம் என்று கணக்கிட்டுவிடலாம். பழப்பாகில் அந்தக் கணக்கு உதவாது. பழத்தின் நார், பெக்டின் என்னும் பசைப்பொருள், புளிப்பு எல்லாம் சேர்ந்தே அதன் தடிமனைத் தீர்மானிக்கின்றன. சர்க்கரையின் செறிவு மட்டும் அல்ல.

இனி நம் பழப்பாகின் பதம் எது? மேலே சொன்ன எந்தப் பாகும் ஆறிய பிறகோ மாவில் சேர்ந்த பிறகோ உண்ணப்படுவது. இது மட்டுமே உறைகுளிரில் போய் விழுவது. வீட்டுக் குளிர்பெட்டியின் உறைபகுதி ஏறக்குறைய மைனஸ் 18 டிகிரி. அங்கிருந்து எடுத்த ஐஸ்கிரீமைத் தொட்டதும் பாகு ஒரு பதமோ இரண்டு பதமோ இறுகிவிடும். ஆகவே அடுப்பில் பார்க்கும்போது சரியாக இருந்தால் அது முற்றிவிட்டது என்று பொருள். முதலிலேயே ஓர் எவர்சில்வர் தட்டை உறைபகுதியில் வைத்துவிட வேண்டும். பாகு திரளத் தொடங்கியதும் ஒரு துளியை அந்தத் தட்டில் விட்டுச் சாய்த்துப் பார்த்தால், தயங்கித் தயங்கி வழிய வேண்டும். நின்றுவிட்டால் முற்றிவிட்டது, ஒரு கரண்டி வெந்நீர் சேர்க்கலாம். ஓடினால் இன்னும் வற்ற வேண்டும். அடுப்பிலே பிசுக்குப் பதம், தட்டிலே வழியும் பதம். இதற்குத் தனிப்பெயர் தமிழில் இல்லை, பண்டமே புதிது. ‘குளிர்ப்பதம்’ என்று யாராவது எழுதத் தொடங்கினால் நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

சர்க்கரையின் அளவில்தான் குறிப்புகள் அதிகம் சறுக்குகின்றன. குளிர்ச்சியில் நாக்கு இனிப்பைக் குறைத்தே உணரும். உருகிப்போன ஐஸ்கிரீமைக் குடித்துப் பார்த்தவர்களுக்கு அதன் திகட்டல் தெரியும். உறைந்திருந்தபோதும் அதே சர்க்கரைதான் அதில் இருந்தது. சூடான பாகு பட்ட இடத்தில் ஐஸ்கிரீம் இளகும், இளகிய இடத்தில் இனிப்பு ஏறும். அதன்மேல் பாகும் இனித்தால் நான்காவது கரண்டிக்கு மேல் யாராலும் உண்ண முடியாது. பாகு கொண்டுவர வேண்டியது புளிப்பும் ஒரு சிட்டிகை உப்பும். 400 கிராம் அன்னாசித் துண்டுக்கு 80 கிராம் நாட்டுச் சர்க்கரை தாராளம்.

அன்னாசியைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பச்சை அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு, புரோமலைன் என்று பெயர். பாலோடு சேர்ந்து சற்று நேரம் இருந்தால் கசப்புத் தட்டும். வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். அதாவது, அன்னாசி ஐஸ்கிரீமோடு சேர வேண்டுமானால் சூட்டின் வழியாக வருவதே முறை. துண்டுகளை விரற்கடை அளவு நறுக்கி, முதலில் சர்க்கரை இல்லாமல் அகன்ற வாணலியில் போட்டுச் சாறு வற்றி ஓரம் சிவக்க விட வேண்டும். பிறகுதான் சர்க்கரை. பொங்கும் நுரை முதலில் பெரிது பெரிதாக, இளக்கமாக இருக்கும். போகப் போகக் குமிழிகள் சிறுத்துச் சோம்பலாக வெடிக்கும். கரண்டியால் கோடு இழுத்தால் அடி தெரிந்து மெல்ல மூடும். அப்போது தட்டுச் சோதனை. இறக்கியபின் அரை மூடி எலுமிச்சை. அடுப்பில் இருக்கையில் பிழிந்தால் மணம் போய்விடும்.

எல்லாப் பழத்துக்கும் இந்த உபசாரம் வேண்டாம். இமாம்பசந்தை வேகவைப்பவர்களை என்னால் மன்னிக்க முடியாது. அதன் அருமை மணத்தில் இருக்கிறது, மணம் ஆவியோடு போகும். புளிப்புள்ள கிளிமூக்கு மாம்பழம் நன்றாகச் சூடு தாங்கும். சப்போட்டா வெந்தால் மணல்.

வாழைப்பழத்துக்கு உலகப்புகழ் பெற்ற முன்மாதிரி ஒன்று உண்டு. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிரென்னன்ஸ் உணவகத்தில் 1951இல் பிறந்த ‘பனானாஸ் ஃபாஸ்டர்’. சமையலர் பால் பிளாஞ்சே உருவாக்கியது. உணவக உரிமையாளரின் நண்பர் ரிச்சர்ட் ஃபாஸ்டரின் பெயரைத் தாங்கியது. தென்னமெரிக்க, மத்திய அமெரிக்க வாழைத்தார்கள் அன்று வந்திறங்கிய துறைமுகம் அந்நகரம். வெண்ணெயிலும் பழுப்புச் சர்க்கரையிலும் பழத்தை வாட்டி, ரம் ஊற்றி, உண்பவர் கண்ணெதிரே தீ மூட்டி, வெனிலா ஐஸ்கிரீமின்மேல் சரிப்பார்கள். பலரும் வியப்பது அந்தத் தீயை. நான் மதிப்பது வாணலிக்கும் கிண்ணத்துக்கும் இடையே இருந்த தூரத்தை. சமையலறையில் செய்து கொண்டுவந்தால் பாதி வழியில் பதம் தவறிவிடும் பண்டத்தை அவர்கள் மேசைக்கே நகர்த்திவிட்டார்கள். தோசையைக் கல்லிலிருந்து நேரே தட்டுக்கு வாங்கி உண்ணும் நமக்கு இதில் கற்றுக்கொள்ளப் புதிதாக ஒன்றும் இல்லை. புட்டியில் அடைத்து விற்கும் பழப்பாகு தோற்பதும் இங்கேதான். அதில் சர்க்கரை உண்டு, நிறம் உண்டு, பொழுது இல்லை. நம் வீட்டில் ரம் வேண்டாம், தீயும் வேண்டாம். தோல் கறுக்கத் தொடங்கிய நேந்திரன் போதும். பூவன் இரண்டு புரட்டலில் குழைந்துவிடும்.

இறக்கிய உடனே ஊற்றுவதும் பிழை. கொதிக்கும் பாகு ஐஸ்கிரீமில் குழி பறிக்கும். கை பொறுக்கும் சூடு வரும்வரை ஆற விட்டு, ஓர் உருண்டைக்கு இரண்டு கரண்டிக்கு மேல் போகாமல் ஊற்ற வேண்டும். கிண்ணமும் குளிர்ந்திருக்கட்டும், எவர்சில்வரே நல்லது, உறைபகுதியில் இருந்த கண்ணாடி சூடு பட்டு விரிசல் விடக்கூடும். கடையில் வாங்கும்போது பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். இந்திய உணவுத் தர விதிப்படி வெறுமனே ஐஸ்கிரீம் என்று பெயர் போட 10 விழுக்காட்டுக்குக் குறையாத பால்கொழுப்பு வேண்டும். ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்று இருந்தால் அதில் தாவர எண்ணெய் இருக்கலாம். சூடான பாகில் இளகும்போது அது என் நாக்கில் மெழுகுபோல் படிகிறது.

பாகு மிஞ்சினால் மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் ஒரு கரண்டி நீர் விட்டுச் சூடுகாட்டிக்கொள்ளலாம். தோசைக்கும் ஆகும்.