கழுதையின் குரல்

போன மாதம் ஒரு நண்பர் வந்து, கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். 2025 ஜனவரி 15ஆம் தேதி புனேயில் நடந்த ராணுவ தின அணிவகுப்பு. தலையில்லாத நாலு கால் யந்திரங்கள் வரிசையாக நடந்து போயின. “இனிமேல் மலையில் கோவேறு கழுதைக்கு வேலை இல்லை, ஸார்!” என்றார். கழுதையே கேட்டிருந்தாலும் அத்தனை சந்தோஷப்பட்டிருக்காது.

“எத்தனை கிலோ சுமக்கும்?” என்று கேட்டேன்.

“15 கிலோ வரை.”

ராணுவக் கோவேறு கழுதை சுமார் 70 கிலோவை முதுகில் வைத்துக்கொண்டு மலைச்சரிவில் ஏறுகிறது. 15 கிலோவைச் சிப்பாயே தூக்கிக்கொண்டு போய்விடுவானே! வேவு பார்க்க அந்த யந்திரம் உதவலாம், நான் மறுக்கவில்லை. அதற்குக் கோவேறு கழுதை என்று பெயர் சூட்டுவானேன் என்பதுதான் என் கேள்வி.

இந்த ஆசை புதிதல்ல. 1960களிலேயே அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி நடக்கும் லாரி ஒன்றைச் செய்தது. உள்ளே உட்கார்ந்தவன் தன் கைகால்களை ஆட்டி, அதன் நாலு கால்களையும் நடத்தவேண்டும். கொஞ்ச நேரத்தில் அவனுக்கே கை ஓய்ந்துவிடும். பிறகு 2005இல் பாஸ்டன் டைனமிக்ஸ் கம்பெனியின் ‘பிக்டாக்’ வந்தது. அதன் தம்பி ஒன்று சுமார் 180 கிலோவைச் சுமந்து 32 கிலோமீட்டர் நடக்கவேண்டும் என்று திட்டம் போட்டார்கள். மரைன் படையினர் காட்டுக்குக் கொண்டுபோய்ப் பரீட்சை பார்த்தார்கள். 2015இல் ஓரங்கட்டிவிட்டார்கள். காரணம்? என்ஜின் போட்ட இரைச்சல்! எதிரிக்குத் தந்தி கொடுத்துவிட்டுப் புறப்பட்டதுபோல் இருக்கும். இப்போது பாட்டரி வந்திருக்கிறது. இரைச்சல் போயிற்று, கூடவே சுமையும் போயிற்று.

இங்கே எதிர்க்கட்சிக்காரர்கள் குதூகலிக்கவேண்டாம். “கழுதையின் விசுவாசம் யந்திரத்துக்கு வருமா?” என்று கண்ணீர் விடுகிறார்களே, அவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. 1971 யுத்தத்தில் எதிரியிடம் பிடிபட்ட பெடோங்கி என்ற கோவேறு கழுதை, முதுகில் யந்திரத் துப்பாக்கியோடு தப்பி நம் பக்கம் வந்து சேர்ந்தது. அதற்கு வெல்வெட் போர்த்திக் கௌரவித்தார்கள். நல்லதுதான். ஆனால் 1944 பர்மாப் படையெடுப்பில் நடந்தது என்ன? ஜப்பானியர்களுக்குக் கேட்டுவிடும் என்று, விங்கேட்டின் படையோடு போன கோவேறு கழுதைகளின் தொண்டையில் கத்தி வைத்துக் குரலை எடுத்துவிட்டார்கள். யந்திரம் கத்தினால் திட்டத்தையே கைவிட்டோம்; பிராணி கத்தினால் அதன் குரலை அறுத்தோம். இதற்குப் பெயர் விசுவாசமா? விசுவாசம் காட்ட அதை யார் சம்மதம் கேட்டார்கள்?

ஆகையால் யந்திரம் ஜயிக்கவேண்டும் என்றே நான் விரும்புகிறேன். அப்படி விரும்புகிறவனிடம் பொய்க்கணக்குக் காட்டக்கூடாது. யந்திரம் தயாராகுமுன் லாயத்தைப் பூட்டினால் அந்த 70 கிலோ எங்கே போகும்? ஆவியாகிவிடாது. மலைக்கிராமத்துச் சுமைக்கூலியின் முதுகில் ஏறும். 1999இல் கார்கில் சிகரங்களுக்குத் தோட்டாவும் தண்ணீரும் உள்ளூர்க் கூலிகளின் முதுகிலும்தான் ஏறின. அணிவகுப்பில் அவர்களுக்கு இடம் உண்டா?

என்ஜினீயர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். அந்த யந்திரத்தின்மேல் 70 கிலோவை ஏற்றுங்கள். பாட்டரியின் உயிரை உறிஞ்சுகிற பனியில், கல் உருளும் சரிவில், இரவில், சத்தமில்லாமல் மேலே கொண்டுபோய் இறக்குங்கள். மறுநாளும் அதே காரியத்தைச் செய்து காட்டுங்கள். அன்றைக்குக் கடைசிக் கழுதையின் சேணத்தை நானே வந்து அவிழ்க்கிறேன். அதுவரையில் அதற்கு வேளாவேளைக்குக் கொள்ளு வையுங்கள். மேலே காத்திருக்கிற சிப்பாய்க்கு இன்றிரவு தண்ணீர் வேண்டும்.