விசிறியும் புழுதியும்

கோடை பிறந்ததும் கம்ப்யூட்டர் தானே நின்றுவிடுகிறதென்று டில்லி அன்பர்கள் சிலர் நம்மிடம் குறைப்பட்டுக்கொள்கின்றனர். புது விசிறி வாங்குக என்பது கடைக்காரர் கூறும் பரிகாரம். பணத்தை எடுக்குமுன் சற்று ஆராய்வோம்.

பிராஸஸர் சில்லு கட்டைவிரல் நகத்தளவே. மேசைக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் அதன் உஷ்ணம் 65 வாட். பழைய 60 வாட் பல்பைத் தொட்டவர் அதன் கடுமையை அறிவர்! அவ்வுஷ்ணத்தை வாங்கிப் பரப்புவது மேலமர்ந்த உலோகத் தகடுகளின் அடுக்கு. இடையே காற்று தங்காதிருக்கப் பசை பூசுகின்றனர். தகடுகளை நெருக்கினால் பரப்பு மிகும். ஆனால் காற்று நுழைதல் அரிதாகும். சிறு விசிறி விரைந்து சுழன்று இரைச்சலிடும். வேகத்தை இரட்டித்தால் அதற்கு வேண்டிய மின்சக்தி எட்டு மடங்காகும். 80 மில்லிமீட்டர் விசிறியைவிட 120 மில்லிமீட்டர் விசிறி 2.25 மடங்கு பரப்புடையது. மெல்லச் சுழன்றே அதே காற்றைத் தரும். வாங்கத்தான் வேண்டுமெனில் பெரியதே நம் தேர்வு.

எனினும், எவ்விசிறியும் அறைக் காற்றினும் குளிர்ந்த காற்றைத் தாராது. பிராஸஸரின் எல்லை பெரும்பாலும் 100 டிகிரியை ஒட்டியது. அறை 25 டிகிரியாயின் 75 டிகிரி இடைவெளி உண்டு. 40 டிகிரியாயின் 60 மட்டுமே.

அத்துடன் ஆந்தி வேறு. அது வீசி அடங்கியபின் தகடுகளின் இடுக்கில் புழுதி கம்பளிபோற் படிகிறது. அதனூடே புது விசிறியும் காற்றைச் செலுத்தாது. மின்சாரத்தைத் துண்டித்து, விசிறி சுழலாதபடி விரலாற் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் துடையுங்கள். பெட்டியைச் சுவரினின்று ஒரு சாண் தள்ளி வையுங்கள். பின்னும் நின்றால் பழுதுபார்ப்பவரிடம் பசையை மாற்றச் சொல்லுங்கள். விசிறியின் முறை அதற்கும் பின்னரே.