பாடகருக்கு விருது, மக்களுக்கு வாக்குறுதி

ஒரு சமூகத்தின் கலைஞரைக் கொண்டாடுவது எளிது. அந்தச் சமூகம் கேட்கும் உரிமையைக் கொடுப்பதுதான் கடினம். ஆஸ்திரேலியாவின் ராக் இசைக் குழுவான ‘யோத்து யிண்டி’யின் முதன்மைப் பாடகர் மந்தாவுய் யுனுப்பிங்குவின் வாழ்க்கை இதற்குச் சான்று.

ஆஸ்திரேலியாவின் வடகோடியில் உள்ள ஆர்னம் லேண்டில், யோல்ங்கு எனும் பூர்வகுடியில் 1956இல் பிறந்தவர் அவர். அப்பகுதிப் பூர்வகுடிகளில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற முதல் மனிதர். 1990இல் தம் ஊரான யிர்கலாவின் பள்ளிக்கே தலைமையாசிரியர் ஆனார். யோல்ங்கு அறிவும் வெள்ளையர் கல்வியும் வகுப்பறையில் சம மதிப்புப் பெற வேண்டும் என்றார்.

இசையிலும் அதே கொள்கைதான். 1986இல் உருவான அவரது குழுவில் யோல்ங்கு கலைஞர்களும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்தார்கள். குழுவின் பெயருக்கு ‘பிள்ளையும் தாயும்’ என்று பொருள். கரையான் அரித்துக் குடைந்த மரத்தில் செய்யும் ஊதுகருவி யிடாக்கி. தட்டித் தாளம் போடும் கட்டைகள் பில்மா. இவை கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் நிகராக மேடையேறின. தாய்மொழியும் ஆங்கிலமும் ஒரே பாட்டில் கலந்தன.

குழுவுக்குப் பெயர் வாங்கித் தந்த பாடல் ‘ட்ரீட்டி’, அதாவது ஒப்பந்தம். 1988இல் பருங்கா என்னும் ஊரில் பிரதமர் பாப் ஹாக்கிடம் பூர்வகுடித் தலைவர்கள் தங்கள் கோரிக்கைகளை ஓவியப் பலகையாகக் கொடுத்தார்கள். 1990க்குள் ஒப்பந்தம் போடுவோம் என்றார் பிரதமர். ஆண்டு கடந்தது, ஒப்பந்தம் வரவில்லை. 1991இல் பாடல் வந்தது.

முதல் வடிவம் அதிகம் எடுபடவில்லை. நடனக் கூடங்களுக்காக மாற்றியமைத்த வடிவமோ நாட்டின் விற்பனைப் பட்டியலில் 11ஆம் இடம் வரை ஏறியது. அதில் அரசைக் கேள்வி கேட்ட ஆங்கில வரிகளில் பெரும்பகுதி இல்லை. யோல்ங்கு மொழியும் தாளமும் நின்றன. ஒரு பூர்வகுடி மொழிக்கு நாடே ஆடியது பெருமைதான். ஆனால் ஆடியவர்களில் எத்தனை பேர் காதில் கேள்வி விழுந்திருக்கும் என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

1992இல் மெல்போர்ன் மதுக்கூடம் ஒன்றில் அவருக்குப் பானம் தர மறுத்தார்கள். அதே ஆண்டுக்கான ‘சிறந்த ஆஸ்திரேலியர்’ விருதும் அவருக்கே கிடைத்தது. பருங்கா பலகைக்கும் இதே கதிதான். பதவி விலகும் நேரத்தில் ஹாக் அதை நாடாளுமன்றக் கட்டடத்தில் மாட்டி வைத்தார். பலகைக்குச் சுவரில் இடம் கிடைத்தது. அதில் கேட்ட ஒப்பந்தம் கிடைக்கவில்லை.

2013இல் சிறுநீரக நோயால் 56 வயதில் யுனுப்பிங்கு இறந்தார். பூர்வகுடி ஊர்களைப் பெரிதும் வாட்டும் நோய் அது. 2023இல், பூர்வகுடிகளின் கருத்தை நாடாளுமன்றத்துக்குச் சொல்ல ஓர் அமைப்பு வேண்டுமா என்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. சுமார் 60 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். 2025இல்தான் விக்டோரியா மாநிலம் ஒப்பந்தச் சட்டம் இயற்றியது. யோல்ங்கு மண்ணுக்கு அது செல்லாது. நாடு முழுமைக்குமான ஒப்பந்தமும் இன்றுவரை இல்லை.

பாட்டு காரியம் சாதிக்காது என்று இதற்குப் பொருளல்ல. அந்தப் பாட்டு இல்லாமல் போயிருந்தால், 1988இல் தந்த வாக்கை ஆட்சியாளர்கள் என்றோ மறக்கடித்திருப்பார்கள். மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: ஒரு கலைஞருக்கு மாலை விழும்போது கைதட்டுவோம். அவர் பாடிக் கேட்டது கைக்கு வந்ததா என்றும் உடனே விசாரிப்போம்.