தானாகச் சுருங்கும் என்று சொல்வது பொய்

பாராதைராய்டு கட்டி புற்றுநோயல்ல, அதில் செல்கள் பெருகுவதோடு மடியவும் செய்கின்றன, ஆகவே பாலை நிறுத்திவிட்டுப் பொறுத்திருந்தால் கட்டி தானாகச் சுருங்கிவிடும் என்கிறார் ஒரு நலவாழ்வுப் பத்தியாளர். முதல் இரண்டும் உண்மை. அவற்றை வைத்துக்கொண்டு அவர் கட்டியிருக்கும் முடிவு முழுப்பொய், ஆபத்தான பொய்.

அரிசியளவுள்ள பாராதைராய்டு சுரப்பியின் இயல்பான எடை 30 முதல் 50 மில்லிகிராம். கட்டி வந்தால் அது நூற்றுக்கணக்கான மில்லிகிராமாக, சிலருக்கு ஒரு கிராமுக்கும் மேலாகப் பெருத்து நிற்கிறது. மடிந்தவற்றைவிடப் பிறந்தவை மிஞ்சாமல் இது எப்படி நடக்கும்? கி-67 சாயமேற்றிப் பார்த்தால் பிரியும் செல்கள் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றிரண்டுகூடத் தேறாது என்பதும் மெய்தான். அது வளர்ச்சி மெதுவானது என்பதற்குச் சான்று. தேய்கிறது என்பதற்கு அல்ல.

இந்தக் கட்டிகளில் பல ஒரே ஒரு செல்லின் சந்ததி என்று ஆய்வாளர் அர்னால்டின் குழு 1988-இலேயே காட்டிவிட்டது. சில கட்டிகளில் 11-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு முறிந்து தலைகீழாக ஒட்டிக்கொள்கிறது. பாராதைராய்டு ஹார்மோனை இயக்கும் மரபணுப் பகுதி, செல் பிரிவைத் தூண்டும் சைக்ளின் டி1 மரபணுவின் பக்கத்தில் வந்து அமர்கிறது. அந்த ஹார்மோனைச் சுரப்பதே வேலையாகக் கொண்ட செல்லில் அந்தத் தூண்டுதல் ஓயுமா? பாலை நிறுத்தினால் முறிந்த குரோமோசோம் நேராகிவிடுமா?

பால் விஷயத்தில் அவர் செய்வது பெருந்தீங்கு. கட்டி மிகையாகச் சுரக்கும் ஹார்மோனால் இரத்தத்தில் ஏறும் கால்சியத்தின் பெரும்பங்கு, பாலிலிருந்து அல்ல, நோயாளியின் எலும்பிலிருந்து கரைந்து வருவது. உணவிலும் அதைக் குறைத்தால் ஹார்மோன் இன்னும் கூடும், எலும்பு இன்னும் கரையும். 1925-இல் வியன்னாவில் ஃபெலிக்ஸ் மாண்டல் கட்டியை அகற்றியது எலும்புகள் நொறுங்கிப்போன ஒரு டிராம் ஊழியருக்கு. புற்றுநோயல்லாத கட்டி உடலை என்ன செய்யும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

கட்டி திடீரென மடிந்து கால்சியம் இறங்கிய அரிதான நோயாளிகளை அவர் ஆதாரமாக நீட்டுகிறார். அங்கே நடந்தது செல்களின் இயல்பான மரணமல்ல. இரத்தவோட்டம் தடைபட்டோ உள்ளே இரத்தம் கசிந்தோ திசு அழுகியது. கழுத்தில் கடும் வலியும் வீக்கமும் வரலாம். மிஞ்சிய செல்கள் மறுபடி வளர்ந்து நோய் திரும்பியதும் உண்டு.

எல்லோருக்கும் அறுவைசிகிச்சை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கால்சியம் சற்றே கூடிய, எலும்பும் சிறுநீரகமும் கெடாத முதியவரைக் கண்காணித்துவரலாம். கண்காணிப்பு என்றால் முறைப்படி இரத்தப் பரிசோதனையும் எலும்படர்த்தி ஸ்கேனும். அவர் பத்தியில் இந்த இரண்டும் ஒரு வரியில்கூட இல்லை.